எவர்சில்வரை வெட்டும் மின்னல்!

"பெரியம்மாவுக்கு வீட்டு வாசலில் ஒரு மயில் வேண்டுமாம்!"

சென்ற மாதம் ஊரிலிருந்து இப்படி ஒரு செய்தி வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மயிலை எங்கே கட்டிப் போடுவாள், அதற்கு என்ன தீனி போடுவாள் என்றெல்லாம் கவலைப்பட ஆரம்பித்துவிட்டேன். பிறகு விசாரித்ததில் விஷயம் விளங்கிற்று. பழைய இரும்புக் கேட்டு துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டதாம். புதிதாக எவர்சில்வர் கேட்டு போடப் போகிறாளாம். அதன் நடுவில் தோகை விரித்த மயில் இருக்க வேண்டுமாம். "மூக்கும் முழியுமாக மயில் அமைகிறதா என்று நீ வந்து பார்த்துச் சொல்லு" என்பது உத்தரவு. பெரியம்மாவின் உத்தரவை மீற யாரால் முடியும்? பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பெரியம்மா இருப்பது சாலவாக்கத்தில். காஞ்சிபுரம் மாவட்டம், உத்திரமேரூர் வட்டம். உத்திரமேரூர் என்றதும் உங்களுக்குப் பள்ளிக்கூடப் பாடம் ஞாபகத்துக்கு வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில், குடவோலை முறையில் ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுப்பது எப்படி என்று கல்லில் வெட்டி வைத்த ஊர் அல்லவா? ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே கல்லைப் பதமாக வெட்டத் தெரிந்த வட்டாரம்! ஆனால் எவர்சில்வரை மயில் மாதிரி வெட்டக் கூடியவர் அங்கே இருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான். அந்தச் சந்தேகம் ஒரு தகரக் கொட்டகை வாசலில் தீர்ந்து போயிற்று.

வளையல் எங்கே?

அது ஒரு சாதாரண வெல்டிங் பட்டறை. கணவர் வேலை பார்க்கிறார். மனைவி கணக்குப் பார்க்கிறாள். எங்களைக் கண்டதும் அவள், "வாங்க பெரியம்மா, வாங்கக்கா" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கழுத்தில் மஞ்சள் கயிறு. கையில் இரண்டிரண்டு கண்ணாடி வளையல்.

பெரியம்மாவின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. "ஏண்டி, உன் கல்யாணத்துக்குப் போட்ட பொன் வளையல் ரெண்டும் எங்கே?" என்று கேட்டுவிட்டாள்.

அந்தப் பெண் கொஞ்சமும் சங்கோசப்படாமல் மூலையில் இருந்த ஒரு நீல நிறப் பெட்டியைக் காட்டினாள். பெரிய டிரங்குப் பெட்டியில் பாதி அளவுதான் இருக்கும்.

"அதோ, அந்தப் பெட்டிக்குள்ளே இருக்குது பெரியம்மா!"

நான் உண்மையாகவே நகைப்பெட்டி என்று நினைத்துவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே விளக்கினாள். அது 'பிளாஸ்மா கட்டிங்' யந்திரம். வளையலை அடகு வைத்து அதை வாங்கியிருக்கிறார்கள்.

"இத்தனை நாளும் கேஸ் கட்டிங்கில்தானே வேலை நடந்தது? இப்போது இது எதற்கு?" என்று பெரியம்மா கேட்டாள்.

பட்டறைக்காரர் அதுவரை பேசாமல் இருந்தவர், "கேஸ் எவர்சில்வரை வெட்டாது, அம்மா. கேட்டும் கைப்பிடியும் எவர்சில்வரில் கேட்கிறவங்க நாளுக்கு நாள் கூடிட்டே போறாங்க. வந்த வேலையை எல்லாம் டவுனுக்குத் திருப்பி அனுப்பிக்கிட்டிருந்தேன்" என்றார்.

எரிகிற இரும்பும் எரியாத எவர்சில்வரும்

இரும்பை வெட்டும் நெருப்பு எவர்சில்வரை வெட்டாதாமே, அது ஏன்? இந்தச் சூட்சுமம் தெரிந்தால் மற்றதெல்லாம் சுலபமாக விளங்கும்.

கேஸ் கட்டிங் பார்த்திருப்பீர்கள். அசிட்டிலீன் வாயுவும் பிராணவாயுவும் சேர்ந்து எரியும் ஜ்வாலையால் இரும்புத் தகட்டை ஓரிடத்தில் செக்கச் செவேல் என்று சுட வைக்கிறார்கள். சுமார் 900 டிகிரி சென்டிகிரேட் சூடு ஏறியதும், பிராணவாயுவை மட்டும் அதன் மேல் பீச்சுகிறார்கள். அப்போது இரும்பு விறகைப் போல எரிய ஆரம்பிக்கிறது! எரிந்த இரும்பின் கசடு, இரும்பைவிடக் குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். ஆகையால் அது தண்ணீராக ஓடிவிடுகிறது, அடியில் புது இரும்பு தலைகாட்டுகிறது, அதுவும் எரிகிறது. நாம் 'வெட்டு' என்று சொல்வது உண்மையில் ஒரு மெல்லிய கோடு எரிந்து போவதுதான்.

எவர்சில்வர் அப்படி மசிகிற ஜாதி இல்லை. 1913-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்தில் ஹாரி பிரேர்லி என்பவர் உருக்கோடு குரோமியத்தைக் கலந்து துருப்பிடிக்காத உருக்கை உண்டாக்கினார். நம் சமையலறைப் பாத்திரங்களில் பல, நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு குரோமியமும் எட்டுப் பங்கு நிக்கலும் கலந்தவை. பித்தளையைப் போலப் புளி போட்டுத் தேய்க்காமலே அவை பளபளப்பதற்குக் காரணம் இந்தக் குரோமியம்தான். காற்றுப் பட்டதும் அது கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய மேலாடையை உலோகத்தின் மேல் போர்த்திவிடுகிறது. கீறினால் கீறின இடத்தில் மறுபடியும் போர்வை!

துருவைத் தடுக்கும் அதே போர்வைதான் கேஸ் ஜ்வாலையையும் தடுத்துவிடுகிறது. எவர்சில்வர் உருகுவது சுமார் 1,400 முதல் 1,450 டிகிரியில். ஆனால் அந்தக் குரோமியப் போர்வை உருக 2,400 டிகிரிக்கும் மேல் வேண்டும். பிராணவாயுவைப் பீச்சப் பீச்சப் போர்வை தடிக்கிறதே தவிர, உலோகம் எரிந்து ஓடுவதில்லை. அலுமினியத்தின் கதையும் இதேதான். உலோகம் 660 டிகிரியில் உருகும். அதன் போர்வையோ 2,000 டிகிரியைத் தாண்டினால்தான் அசைந்து கொடுக்கும்.

சரி, எரித்து வெட்ட முடியாது. அப்படியானால் எரிப்பதையே விட்டுவிட்டு, போர்வையோடு சேர்த்து உருக்கி ஊதித் தள்ளிவிட்டால்? அதற்குத்தான் அந்த நீலப் பெட்டி.

நாலாவது நிலை

"பிளாஸ்மா என்றால் ஆஸ்பத்திரியில் ரத்தத்திலிருந்து எடுப்பார்களே, அதுவா?" என்று பெரியம்மா கேட்டாள். கொரோனாக் காலத்தில் பத்திரிகையில் படித்ததை அவள் மறக்கவில்லை.

அது வேறு, இது வேறு. ஆனால் இரண்டுக்கும் பெயரளவில் ஓர் உறவு உண்டு. அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்மியூர் 1928-இல் மின்சாரம் பாயும் வாயுவை ஆராய்ந்தபோது, அது மின்துகள்களைச் சுமந்து செல்லும் விதம் ரத்தத்தின் பிளாஸ்மா அணுக்களைச் சுமந்து செல்வதை அவருக்கு ஞாபகப்படுத்திற்றாம். அந்தப் பெயரையே இதற்கும் வைத்துவிட்டார்.

இட்லிப் பானையை நினைத்துக்கொள்ளுங்கள். பனிக்கட்டிக்குச் சூடு கொடுத்தால் தண்ணீர். தண்ணீருக்குச் சூடு கொடுத்தால் ஆவி. ஆவியோடு நம் சமையலறை நின்றுவிடுகிறது. வாயுவை மேலும் மேலும், பல்லாயிரம் டிகிரிக்குச் சூடேற்றினால் என்ன ஆகும்? அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் கழன்று ஓட ஆரம்பிக்கும். சாதாரணக் காற்றில் மின்சாரம் பாயாது. இப்படி எலெக்ட்ரான் கழன்ற காற்றிலோ தாராளமாகப் பாயும். இதுதான் பொருளின் நாலாவது நிலை, பிளாஸ்மா. வானத்து மின்னல் பிளாஸ்மா. குழல் விளக்குக்குள்ளே மினுக்குவதும் ஒருவகைப் பிளாஸ்மாதான். சூரியன் முழுவதுமே பிளாஸ்மா.

பட்டறைக்காரர் கையில் பிடித்திருந்த டார்ச்சுக்குள்ளே உண்டாவது ஒரு குட்டி மின்னல். அதன் உட்சூடு 20,000 டிகிரி வரை போகும். சூரியனுடைய மேற்பரப்பின் சூடே சுமார் 5,500 டிகிரிதான்!

மூக்குத்திப் பொட்டு

இவ்வளவு சூட்டைக் கையில் பிடித்திருக்கும் மனுஷர் வெந்து போகாமல் இருப்பது எப்படி?

அவர் டார்ச்சின் முனையைக் கழற்றிக் காட்டினார். உள்ளே செம்பினாலான கட்டைவிரல் நீளத்து எலக்ட்ரோடு. அதன் மேல் செம்பினாலான ஒரு தொப்பி. அதற்கு நாசில் என்று பெயர். நாசிலின் நுனியில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் துவாரம். கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்று ஐந்து கிலோ அழுத்தத்தில், அதாவது கார் டயரில் இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல், சுழன்று சுழன்று அந்தத் துவாரத்தின் வழியே வெளியேறுகிறது.

சுவிட்சை அமுக்கியதும் முதலில் எலக்ட்ரோடும் நாசிலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. காற்று வந்து எலக்ட்ரோடைப் பின்னுக்குத் தள்ளுகிறது. பிரியும் இடத்தில் ஒரு பொறி! அந்தப் பொறி காற்றைப் பிளாஸ்மாவாக்குகிறது. இது அடுப்புப் பற்றவைக்கும் தீக்குச்சி மாதிரிதான். டார்ச்சைத் தகட்டுக்கு அருகே கொண்டு போனதும் மின்சாரம் நாசிலை விட்டுவிட்டு, துவாரத்தின் வழியே தகட்டுக்குத் தாவி, தகட்டில் மாட்டியிருக்கும் எர்த் கிளிப் வழியாகப் பெட்டிக்குத் திரும்புகிறது. சுழலும் குளிர்ந்த காற்று நாசிலின் உட்சுவரை ஒட்டி ஒரு திரை போல நிற்பதால், செம்பு உருகுவதில்லை. குறுகிய துவாரத்தில் நெருக்கப்பட்ட மின்னல் ஊசியாகக் கூர்மையடைகிறது. அது உலோகத்தை உருக்குகிறது. உருகியதைக் கூடவே வரும் காற்று அடிவழியாக ஊதித் தள்ளுகிறது. வேலை முடிந்தது!

எலக்ட்ரோடின் நுனியில், நடுமத்தியில், சாம்பல் நிறமாக ஒரு சின்னப் பொட்டு தெரிந்தது. "என்ன இது, மூக்குத்தி மாதிரி?" என்றேன்.

"அதுதான் அக்கா உசிரு!" என்றாள் அந்தப் பெண்.

அந்தப் பொட்டு ஹாஃப்னியம் என்ற உலோகம். 1923-இல் கோபன்ஹேகன் நகரத்தில் கண்டுபிடிக்கப்பட்டு, அந்நகரின் லத்தீன் பெயரையே பெற்றது. நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் ஜிர்கான் என்ற கனிமம் கிடைக்கிறதல்லவா? அதில் ஜிர்கோனியத்தோடு ஒட்டிப் பிறந்த தங்கையாக ஹாஃப்னியமும் சிறிது இருக்கிறது. எல்லா உலோகங்களையும்விட அதிகச் சூடு தாங்குவது டங்ஸ்டன்தான். ஆனால் அந்தச் சூட்டில் காற்றிலுள்ள பிராணவாயு அதைச் சீக்கிரமே தின்று தீர்த்துவிடும். ஹாஃப்னியமோ எவர்சில்வரைப் போலவே தனக்கு ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு தாக்குப் பிடிக்கிறது. போர்வை போட்ட உலோகத்தை வெட்டுவதற்குப் போர்வை போட்ட இன்னோர் உலோகம்! முள்ளை முள்ளால் எடுப்பது என்பது இதுதான்.

இருந்தாலும் ஒவ்வொரு முறை சுவிட்சைப் போடும்போதும் பொட்டு கொஞ்சம் தேய்கிறது. நடுவில் குழி விழுந்துவிட்டால் எலக்ட்ரோடை மாற்ற வேண்டும். "சும்மாச் சும்மா அமுக்காதீங்கன்னு இவர்கிட்டே தினமும் சொல்றேன். ஒவ்வொரு அமுக்கும் காசு!" என்றாள் கணக்குப் பிள்ளை. காற்றில் ஈரம் இருந்தாலும் பொட்டு சீக்கிரம் கெடுமாம். ஆகவே கம்ப்ரஸரின் அடியில் தேங்கும் தண்ணீரைக் காலையிலும் மாலையிலும் திறந்துவிடுவது அவளுடைய பொறுப்பு. நாம் வாசல் தெளிக்கிற நேரத்தில் அவள் கம்ப்ரஸரை வடிக்கிறாள்.

கோலத்தில் பிறந்த மயில்

மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள எவர்சில்வர் தகட்டை மேஜையில் போட்டார்கள். மயிலை யார் வரைவது? அவள் சாக்குக்கட்டியை எடுத்தாள். தகட்டின் நடுவே மனத்துக்குள் புள்ளி வைத்துக்கொண்டவளைப் போல ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஒரே இழுப்பில் கழுத்து, கொண்டை, தோகை! மார்கழி மாதம் முழுவதும் கோலம் போட்டுப் பழகிய கை அல்லவா? "கண்ணை இன்னும் கொஞ்சம் பெரிசாப் போடு" என்பதைத் தவிரப் பெரியம்மாவுக்குச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

எங்கள் இருவருக்கும் கறுப்புக் கண்ணாடி வைத்த முகமூடி கொடுத்து, பத்தடி தள்ளி நிற்க வைத்தார்கள். பட்டறைக்காரர் சுவிட்சை அமுக்கினார். 'புஸ்' என்று ஒரு சப்தம், சிறிய பொறி, அவ்வளவுதான், அணைந்துவிட்டது. மறுபடியும் அமுக்கினார், மறுபடியும் அணைந்தது. எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. இரண்டு பொன் வளையல் ஆயிற்றே!

அந்தப் பெண் பதறவில்லை. மேஜையடியில் குனிந்து பார்த்தாள். எர்த் கிளிப், தகட்டில் இருப்பதற்குப் பதிலாக, பெயிண்டு அடித்த மேஜைக் காலில் மாட்டியிருந்தது. பெயிண்டு மின்சாரத்தை விடாது. மின்னல் திரும்பிப் போக வழி இல்லாவிட்டால் தகட்டுக்குத் தாவுமா? கிளிப்பைக் கழற்றி எவர்சில்வரிலேயே கடிக்க வைத்தாள்.

இப்போது சீறிக்கொண்டு கிளம்பிற்று மின்னல்! தகட்டின் அடியில் பொறிகள் பூவாணமாகக் கொட்டின. டார்ச்சு நகர்ந்த வேகத்தைப் பார்த்து அசந்து போனேன்; இந்தக் கனத்துக்கு நிமிஷத்தில் ஒரு மீட்டருக்கு மேல் வெட்டிவிடுமாம். வேகம் குறைந்தால் கோடு அகலமாகி அடியில் கசடு கட்டும். வேகம் கூடினால் மின்னல் தகட்டைத் துளைக்காமல் பொறியை மேலே வாரி அடிக்கும். பொறி நேராகக் கீழே கொட்டுகிறதா என்று பார்ப்பதுதான் கைப்பக்குவம். தோசை திருப்புகிற பக்குவம் மாதிரி, சொல்லித் தெரிவதில்லை.

கால் மணி நேரத்தில் மயில் தகட்டைவிட்டு விலகி வந்தது. விளிம்பில் ஒட்டியிருந்த கசடைக் கிரைண்டரால் தேய்த்ததும் பளபளவென்று பெரியம்மாவைப் பார்த்தது.

"இது கருங்கல்லையும் வெட்டுமா?" என்று கேட்டாள் பெரியம்மா. சுற்று வட்டாரமெல்லாம் கல் குவாரி ஆயிற்றே! வெட்டாது. மின்சாரம் பாயாத கல்லிடமும் மரத்திடமும் இந்த மின்னலின் ஜம்பம் சாயாது. ஆனால் கல் ஏற்றுகிற டிப்பர் லாரியின் தேய்ந்துபோன தொட்டித் தகட்டை வெட்டி மாற்ற இது கை கொடுக்கும். குவாரி வேலை அந்த வழியில் வருகிறது.

எங்கிருந்து எங்கே!

இந்த உபாயத்தை 1950-களில் கண்டுபிடித்தவர் அமெரிக்காவில் யூனியன் கார்பைடு கம்பெனியின் லிண்டே பிரிவில் வேலை பார்த்த ராபர்ட் கேஜ் என்பவர். வெல்டிங்குக்கு உபயோகமான மின்வில்லை ஒரு குறுகிய துவாரத்தில் நுழைய விட்டால் அது வெட்டும் கத்தியாகிவிடுகிறது என்று கண்டார். 1957-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஆரம்பத்தில் ஆர்கான் போன்ற விலையுயர்ந்த வாயுக்கள் தேவைப்பட்டன. 1960-களில் சாதாரணக் காற்றே போதும் என்ற நிலை வந்தது. அந்த மாறுதல் இல்லையென்றால் கிராமத்துப் பட்டறைக்கு இது எட்டாக் கனியாகவே இருந்திருக்கும்.

அமெரிக்காவில் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் 1979-இல் விபத்து நேர்ந்தது. உருக்குலைந்த உலையின் அடிப்பகுதியில் இருந்த கனத்த எவர்சில்வர் அமைப்பைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. மனிதர் அருகே போக முடியாத இடம். தண்ணீருக்கு அடியில் வேறு! 1980-களின் கடைசியில், தூரத்திலிருந்து இயக்கிய பிளாஸ்மா டார்ச்சுகள் அங்கே வெட்டும் வேலையைச் செய்தன.

கப்பல் கட்டும் தளங்களிலும், கொதிகலன் செய்யும் தொழிற்சாலைகளிலும், ஏ.சி. காற்றுக் குழாய்க்குத் தகடு வெட்டும் இடங்களிலும் பிளாஸ்மாவுக்கு வேலை உண்டு. பெரிய தொழிற்சாலைகளில் டார்ச்சைக் கம்ப்யூட்டரே நகர்த்தும். அதற்காக மற்றவையெல்லாம் ஒழிந்துவிட்டன என்று அர்த்தமில்லை. மெல்லிய தகட்டில் நகாசு வேலைக்கு லேசர் ஒசத்தி. சாண் கனத்து இரும்புக்குப் பழைய கேஸ்தான் இன்றும் கை கொடுக்கும். இடைப்பட்ட கனங்களிலும், எவர்சில்வர், அலுமினிய வேலைகளிலும் பிளாஸ்மாவின் ராஜ்யம்.

கண்ணே, பத்திரம்!

பட்டறைச் சுவரில் கறுப்புக் கண்ணாடி முகமூடி ஒன்று ஆணியில் தொங்கிற்று. அதற்குக் கீழே சாக்குக்கட்டியால், "இதைப் போடாமல் சுவிட்சைத் தொடக் கூடாது" என்று எழுதியிருந்தது. எழுதியவள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவர் கண்ணாடி போடாமல் வெல்டிங் வைத்திருக்கிறார். பகலில் ஒன்றும் தெரியவில்லை. நடு ராத்திரியில், கண்ணில் மணலை அள்ளிக் கொட்டியதுபோல் துடித்துப் போனாராம். ஒருத்தி தாய்ப்பால் விடு என்றாளாம். இன்னொருத்தி உருளைக்கிழங்கை அரிந்து வை என்றாளாம். இவள் எதையும் கேட்காமல் கண் டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் செய்ததே சரி. இந்த வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் இருக்கின்றன. அவை கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிடுகின்றன. வலி பல மணி நேரம் கழித்துத்தான் வரும். ஒன்றிரண்டு நாளில் பெரும்பாலும் ஆறிவிடும் என்றாலும், பாலும் கிழங்கும் கிருமியைக் கொண்டு சேர்க்குமே தவிர மருந்து ஆகாது.

வாசகிகளுக்கு இன்னும் சில வார்த்தை. உங்கள் வீட்டு வாசலில் வெல்டிங்கோ கட்டிங்கோ நடந்தால் குழந்தைகளை உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நின்று பார்ப்பவர் கண்ணையும் அந்த வெளிச்சம் சுடும். நைலான், பாலியஸ்டர் சேலையோடு அருகே போக வேண்டாம். பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். எவர்சில்வரை வெட்டும்போது வரும் புகையில் உள்ள குரோமியம் நுரையீரலுக்கு எமன். புற்றுநோய் வரைக்கும் கொண்டு விடக்கூடியது. காற்றோட்டமும் புகை வடிகட்டும் முகக்கவசமும் அவசியம். எண்ணெய், பெட்ரோல் இருந்த பழைய பீப்பாயை, "காலியாகத்தானே இருக்கிறது" என்று வெட்டக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். உள்ளே தங்கிய ஆவி வெடித்துவிடும்.

நாங்கள் புறப்படும்போது பெரியம்மா, "வளையலை எப்போதடி மீட்கப் போகிறாய்?" என்று கேட்டாள்.

"ஒண்ணு மீட்டாச்சு பெரியம்மா. டிரங்குப் பெட்டியிலே இருக்குது. இன்னொண்ணும் வரட்டும், ஜோடியாப் போட்டுக்கிறேன்" என்றாள் அவள். பிறகு கணவர் பக்கம் திரும்பி, "வளையல் போனால் மீட்டுக்கலாம். கண்ணு போனால் எந்த பேங்க்கிலே மீட்கிறது?" என்றாள்.

அவர் ஒன்றும் பேசாமல் முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அடுத்த தகடு காத்துக்கொண்டிருந்தது.

இப்போது பெரியம்மா வீட்டு வாசலில் மயில் தோகை விரித்து நிற்கிறது. அதற்குத் தீனி போட வேண்டியதில்லை. அவ்வப்போது ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஒரே ஒரு சங்கடந்தான்: தெருவில் இருக்கிற அத்தனை வீட்டுக்காரிகளுக்கும் இப்போது மயில் வேண்டுமாம்! இரண்டாவது வளையல் திரும்பி வருவதற்கு அதிக நாள் ஆகாது என்பது என் அபிப்பிராயம்.